அச்சாம்மாவின் வெள்ளிக்கிழமைத் தாள்

பரிசுத்த ஆவியானவர் எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கு இறங்குவார் என்பது பாலக்குன்னில் எல்லோருக்கும் தெரியும். அச்சாம்மா வீட்டுத் துவைகல்லில் வெள்ளிக்கிழமை நாலு மணிக்கே இறங்கிவிடுவார் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். என் சமையலறை ஜன்னலைத் திறந்தால் நேர் எதிரே அவள் துவைகல். ஜன்னல் அங்கே அமைந்தது என் குற்றமில்லை.

எங்கள் ஆராதனையில் பாட்டை முன்கூட்டித் தீர்மானிக்கிற வழக்கம் கிடையாது. நடத்துகிறவர் முன்னால் வந்து கண்ணை மூடி நிற்க வேண்டும். ஆவியானவர் ஒரு பாட்டை நாவில் வைக்கும்வரை காத்திருக்க வேண்டும். அதுவரை சபையில் ஒருவரும் இருமக்கூட மாட்டார்கள். கூட்டத்தில் வேறு யாருக்காவது பாட்டு வந்தால் அவரே எடுத்துக் கொடுக்கலாம், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். அச்சாம்மா முன்னால் நின்ற முப்பது வருடத்தில் வேறு யாருக்கும் பாட்டு வந்ததில்லை. வர அவள் விட்டதில்லை என்று நான் சொன்னால் பொறாமை என்பார்கள்.

வெள்ளைச் சேலை, தலையில் முக்காடு, இடது கையில் கஞ்சிரா. ஒருமுறை ஒன்பது நிமிடம் அப்படியே நின்றாள். நான் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவள் வாயைத் திறந்தபோது ஆண்கள் பக்கத்தில் மீசை வைத்தவர்களெல்லாம் தேம்பினார்கள். அதே பாட்டை வெள்ளிக்கிழமை சாயங்காலம் துணிக்கு சோப்புப் போட்டுக்கொண்டே முனகி, ஈரக்கையை இடுப்பில் துடைத்து, நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதியதை நான் பார்த்திருக்கிறேன். ஐந்து வரி எழுதுவாள். மடித்து வேதாகமத்துக்குள் வைப்பாள். என்ன எழுதினாள் என்று ஜன்னலிலிருந்து படிக்க முடியாது. முயன்றிருக்கிறேன்.

அவளும் நானும் ஒன்றாய் வளர்ந்தவர்கள். பம்பை ஆற்று மணல்திட்டில் கன்வென்ஷன் என்கிற சபைக்கூட்டம் நடக்கும் நாட்களில் கைகோத்து ஆற்றைக் கடந்தவர்கள். பதினொரு வருடமாகப் பேச்சில்லை. காரணம் என் மகளின் கல்யாணம். எங்கள் கூட்டத்தில் பொன் அணிவதில்லை. பையன் வீட்டார் வேறு சபை. தாலியும் ஒரு பொன்மாலையும் போடாமல் முடியாது என்றுவிட்டார்கள். போட்டோம். அடுத்த ஞாயிறு அச்சாம்மா கண்ணை மூடி நின்றாள். நின்று, "மண்ணில் கிடந்த பொன்னே, உன் மினுக்கம் எத்தனை நாள்" என்று எடுத்தாள். சபை முழுவதும் திரும்பி என் மகளின் வெறுங்கழுத்தைப் பார்த்தது. தாலியையும் மாலையையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் அவள் வந்திருந்தாள். ஆவியானவர் கொடுத்த பாட்டுக்கு யார் பதில் சொல்ல முடியும்? ஆனால் அந்தப் பாட்டுக்கு வெள்ளிக்கிழமை சோப்புப் போட்டதை நான் பார்த்தவள். அன்றோடு பேச்சை நிறுத்தினேன். ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து ஒரே அப்பத்தில் பிட்டுத் தின்றோம், பேசாமல்.

போன மீன மாதம், பங்குனியில், ஒரு சனிக்கிழமை விடியும்போது அச்சாம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள், எழுந்திருக்கவில்லை. பதினொரு வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டுப் படியேறினேன். உள்ளறையில் பெண்கள் உடலைக் கழுவினார்கள். அரசு ஏழைகளுக்குக் கட்டிக்கொடுத்த லட்சம்வீட்டுக் காலனிப் பெண் ப்ரெய்ஸிதான் தண்ணீர் ஊற்றினாள். திருவல்லா துணிக்கடையில் வேலை செய்கிற, இருபத்துநாலு வயது, வாயில்லாப் பிள்ளை. மேசைமேல் வேதாகமம் இருந்தது. திறந்தேன். தாள் இருந்தது. பார்க்கத்தான் எடுத்தேன், திருப்பி வைப்பதற்குள் ஆள் வந்துவிட்டது. சட்டைக்குள் செருகிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து பிரித்தேன். பார்சோப்பு மணம். நான்கு பாட்டுகளின் முதல் வரி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயர். யாருக்காகப் பாட நினைத்தாளோ அவர் பெயர். ஐந்தாவது எண்ணுக்கு எதிரே பாட்டு இல்லை. பெயர் மட்டும் இருந்தது: ஏலிக்குட்டி.

அது நான்.

தாளை இரத்த அழுத்த மாத்திரை டப்பாவின் அடியில் வைத்தேன்.

மகன் துபாயிலிருந்து வரவேண்டும் என்று உடலை மார்ச்சுவரியில் வைத்துவிட்டு மறுநாள் ஆராதனைக்குக் கூடினோம். முன்னால் நிற்க ஆளில்லை. பாஸ்டர் சாமுக்குட்டி, ஆவியானவர் யாரை எழுப்புகிறாரோ பார்ப்போம் என்று உட்கார்ந்துவிட்டார். அச்சாம்மாவின் மருமகள் ஷைனி கீபோர்டு படித்தவள். அவள் சேலையைச் சரிசெய்துகொண்டதை நான் கவனித்தேன். எழுந்தது ப்ரெய்ஸி. பெண்கள் பக்கத்தில், கடைசிப் பாயிலிருந்து. கிறிஸ்துவில் எல்லோரும் ஒன்று என்று எங்கள் சுவரில் எழுதியிருக்கிறது. யார் எந்தப் பாயில் உட்காருவது என்பது எழுதாமலே எல்லோருக்கும் தெரியும்.

"கரை காணாத் தண்ணீரில்" என்று எடுத்தாள். என் தாளில் முதல் வரி.

இரண்டாவதும் தாளில் இருந்ததே. மூன்றாவதும், நான்காவதும். ஐந்தாவதற்கு அவள் கண்ணை மூடி நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். பிறகு வாயைக் கையால் பொத்திக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

சபை சந்தோஷத்தில் அழுதது. அந்த ஆவியே இவள்மேல் இறங்கிவிட்டது என்றார்கள். அடுத்த ஞாயிறும் அதே நான்கு, அதே வரிசை, அதே நிற்றல். மூன்றாவது ஞாயிறும் அப்படியே ஆனபோது அழுகை குறைந்து முணுமுணுப்பு வந்தது.

இங்கேதான் என் நாக்கு. மீன்காரன் வண்டியருகே ஷைனி அதைப் பற்றியே பேசினாள். நான் சும்மா இருந்திருக்கலாம். உன் மாமியார் வெள்ளிக்கிழமையே எழுதிவைத்துத்தான் பாடுவாள் மோளே என்றேன். மத்தியைக்கூட வாங்காமல் ஓடினாள். பீரோவில் பழைய தாள்கள் கட்டாகக் கிடைத்தன, முப்பது வருடத்து வெள்ளிக்கிழமைகள். கடைசி வாரத் தாள் மட்டும் இல்லை. உடலைக் கழுவ வந்தது யார்? ப்ரெய்ஸி. தாளைத் திருடி, மனப்பாடம் செய்து, ஆவியின் பெயரால் நடித்திருக்கிறாள் என்று ஷைனி பரப்பினாள். ஐந்தாவதை ஏன் பாடவில்லை என்று யாரும் கேட்கவில்லை.

எங்களிடத்தில் ஆவியானவரை வைத்து நடிப்பதைவிடப் பெரிய பாவமில்லை. குடித்தவனைச் சேர்த்துக்கொள்வார்கள். நடித்தவளை மாட்டார்கள். வரும் ஞாயிறு சபைமுன் நின்று ஒத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கர்த்தருடைய மேசையிலிருந்து விலக்கு என்றார் பாஸ்டர். விலக்கப்பட்ட வீட்டில் யாரும் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள்.

சனிக்கிழமை ப்ரெய்ஸி என் சமையலறை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வா என்றேன், வரவில்லை.

"அம்மாமே, அன்னைக்கு நீங்க மேசைகிட்டதானே இருந்தீங்க. நான் அந்த பைபிளைத் தொட்டேனா?"

"உன்னைப் பாக்குறதுதான் எனக்கு வேலையாடீ?"

"எல்லாரையும் பாப்பீங்களே."

கப்பைக்கிழங்கை நறுக்கிக்கொண்டே, அந்தப் பாட்டெல்லாம் எங்கிருந்துதான் வருகிறது என்று கேட்டேன்.

"தெரியல அம்மாமே. கண்ணை மூடினா சோப்பு மணக்குது. ஈரத்துணி மணம். அப்புறம் வாய் தானா தொறக்குது. நாலு முடிஞ்சதும் யாரோ பக்கத்துல வந்து நிக்கிறாங்க. மூச்சு வாங்குறது கேக்குது. ஆனா பாட மாட்டேங்குறாங்க. யாரையோ பாத்துட்டு நிக்கிறாங்க."

"யாரை?"

"கண்ணைத் தொறந்தா தெரியும். பயமா இருக்கு, தொறக்கல."

அவள் போனபிறகு மாத்திரை டப்பாவை எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன். தாளைக் காட்டினால் அவள் தப்பித்துவிடுவாள். தாள் முதல் நாளிலிருந்து என்னிடம்தான் இருந்தது, அவள் பார்த்திருக்கவே முடியாது. ஆனால் செத்தவளின் வேதாகமத்தில் கைவைத்தவள் யார் என்பதும் தெரிந்துவிடும். ஊரையெல்லாம் பேசினவளை ஊர் பேச எத்தனை நேரமாகும்? அடுப்பில் போட்டுவிடலாம் என்றுகூடப் பார்த்தேன். தீ பிடிக்கவில்லை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். நெருப்பருகே கொண்டுபோகவே கை வரவில்லை என்பதுதான் உண்மை.

ஞாயிறு. அப்பமும் திராட்சை ரசமும் மேசைமேல் வெள்ளைத்துணியில் மூடியிருந்தன. ப்ரெய்ஸி முன்னால் நின்றாள். கஞ்சிரா மேசையோரம் கிடந்தது. வேதாகமத்துக்குள்ளே தாளை வைத்து, அதன்மேல் கையை வைத்து நான் மூன்றாவது பாயில் உட்கார்ந்திருந்தேன்.

பாஸ்டர் மெதுவாகத்தான் கேட்டார்.

"எடுத்தியா மோளே?"

"எடுக்கல பாஸ்டர்."

"அப்ப அந்தப் பாட்டு எங்கேருந்து வந்துச்சு?"

"அதைக் கொடுத்தவங்ககிட்டதான் கேக்கணும்."

ஷைனி பக்கத்திலிருந்து ஒரு செருமல். பாஸ்டர் யோசித்தார். அவர் கெட்ட மனுஷரில்லை, ஷைனி வீட்டாருக்குப் பயந்த மனுஷர். ஆவியானவர்தான் கொடுத்தார் என்றால் இன்னொன்றும் கொடுப்பார், இந்தச் சபைக்கு முன் இதுவரை பாடாத ஒன்றைப் பாடு, இல்லாவிட்டால் எழுந்து வெளியே போ என்றார்.

அவள் கண்ணை மூடினாள்.

மின்விசிறி சுற்றியது. ஒரு நிமிடம், இரண்டு, நான்கு. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழாவது நிமிடத்தில் சோப்பு மணம் வந்தது. தாளிலிருந்து என்று நினைத்துக் குனிந்து முகர்ந்தேன். தாளில் மாத்திரை வாடைதான் இருந்தது. மணம் இடதுபக்கத்திலிருந்து வந்தது. அங்கே என்னருகே ஒரு ஆள் உட்காரும் அளவு பாய் காலியாக இருந்தது. யாரோ ஓடிவந்தவர் போல மூச்சிரைத்தது. நான் திரும்பவில்லை. ப்ரெய்ஸிக்கு இருபத்துநாலு வயது, கண்ணைத் திறக்கப் பயப்படலாம். எனக்கு அறுபத்துமூன்று, எனக்கும் தைரியம் வரவில்லை.

ஒன்பதாவது நிமிடம் என் வாய் திறந்தது.

"ஆறு பெருகுது, கையைப் பிடி." ஞாயிறுபள்ளிப் பிள்ளைகளின் பாட்டு. மணல்திட்டுக்குப் போகும்போது இடுப்பளவுத் தண்ணீரில் அவளும் நானும் கத்திப் பாடியது. ஐம்பது வருடமாய் நினைக்கக்கூட இல்லை. என் குரல் தகரத்தைத் தேய்த்த மாதிரி இருந்தது. பெண்களில் ஒருத்தி சிரிப்பை முக்காட்டுக்குள் அடக்கினாள். எழுந்தேன். எங்களிடத்தில் பகை தீர்க்கிறவர்கள் மேசைக்கு முன்னால், அப்பம் பிட்குமுன், எழுந்து நடந்துபோய் மற்றவர் கையைப் பிடிக்க வேண்டும். நான் நடந்தேன். பிடிக்க வேண்டிய கை மண்ணுக்குள் இருந்தது. அதனால் தாளை மேசைமேல், வெள்ளைத்துணிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

இரண்டாம் வரியில் கஞ்சிரா சேர்ந்தது. ப்ரெய்ஸி கண்ணைத் திறக்காமலே எடுத்துத் தட்டினாள். அந்தத் தட்டு எனக்குத் தெரியும்.

பாட்டு முடிந்ததும் சொன்னேன். நான்தான் எடுத்தேன், முதல் நாளிலிருந்து என்னிடம்தான் இருக்கிறது, இவள் தொடவில்லை, இதற்குமேல் கேட்காதீர்கள் என்றேன். பாஸ்டர் தாளைப் பிரித்தார். ஷைனி எட்டிப் பார்த்து மாமியார் எழுத்து என்று ஒத்துக்கொண்டாள். இரண்டாவது பாட்டுக்கு எதிரே ஷைனியின் பெயரும் மூன்றாவதற்கு எதிரே பாஸ்டரின் பெயரும் இருப்பது அவர்களுக்கும் எனக்கும் தெரியும். பாஸ்டர் தாளை நாலாய் மடித்துச் சட்டைப்பையில் போட்டார். நாலு பாட்டும் வரிசை மாறாமல் எப்படி வந்தன என்பதற்கு அவரும் காரணம் சொல்லவில்லை, சபையும் கேட்கவில்லை. ப்ரெய்ஸி முன்னாலேயே இருக்கட்டும் என்றார். என்னை மூன்று மாதம் மேசையிலிருந்து விலக்கினார். நியாயம்தான்.

விலக்கு ஓணத்தோடு முடிந்தது. ப்ரெய்ஸிக்கு இப்போது ஒவ்வொரு ஞாயிறும் வேறு வேறு பாட்டு வருகிறது. சோப்பு மணம் வருகிறதா என்று கேட்டேன். இல்லை அம்மாமே, நின்றுபோய்விட்டது என்றாள், நிம்மதியாக.

நான் தலையாட்டினேன். அச்சாம்மா போனபிறகு ஷைனி அந்த வீட்டில் துவைக்கிற மெஷின் வாங்கிவிட்டாள். கல்லை யாரும் தொடுவதில்லை, பாசி படர்ந்து கிடக்கிறது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மட்டும் நடுவில் ஓரிடம் ஈரமாகிறது. சமையலறையில் இருந்தால் முனகல் கேட்கிறது. வேறு யாரிடமும் சொல்லவில்லை; நான் சொன்னால் யார் நம்பப்போகிறார்கள்? கப்பையை நறுக்குவதை நிறுத்திவிட்டு எண்ணுகிறேன். நான்குவரை முனகிவிட்டு நிற்கிறது.

ஐந்தாவதை நான்தான் பாட வேண்டியிருக்கிறது.