உள்ளுக்குத் திறக்கும் கேற்

நிருஷாவுக்குப் பயம் புதிதல்ல. கரப்பான் பூச்சிக்குப் பயம், வெள்ளவத்தையில் காலி வீதியைக் கடக்கப் பயம், இறங்கும் இடம் வந்த பிறகும் பஸ் கொண்டக்டரைக் கூப்பிடப் பயம். இப்படிப்பட்ட பிள்ளை பல்கலைக்கழகத்தில் விளையாட்டு முகாமைத்துவம் படிக்கப் போனதை நினைத்துச் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் மூக்கில் விரலை வைக்கிறார்கள். "அதென்ன படிப்பு, பந்து பொறுக்கிற படிப்போ?" என்று மாமி ஒருத்தி கலியாண வீட்டில் நாலு பேர் கேட்கக் கேட்டாள். மாமியென்றாலும் நிருஷாவுக்குப் பயம்தான்.

அந்தப் பயத்தில் பாதி அப்பா தியாகராசாவிடமிருந்து வந்தது. கலவரமும் சண்டையுமாய்ப் போன கெட்ட காலமெல்லாம் கொழும்பிலேயே இருந்து பழகிய மனிதர். வீட்டில் கிரிக்கெட் பார்க்க உட்கார்ந்தால், மேட்ச் தொடங்கமுன் டீவியில் தேசிய கீதம் போகும்போது சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்து நிற்பார். பார்க்க ஒரு பல்லியைத் தவிர யாருமில்லை. "ஆர் எங்கையிருந்து பாக்கிறானெண்டு சொல்லேலாது பிள்ளை. ஆடாமல் நில்" என்பார். சின்ன வயதில் நிருஷாவும் கூடவே நின்று நின்று, அந்த இசை காதில் விழுந்தாலே அவளுடைய கால் தானாக ஒட்டிக்கொள்ளும்.

இறுதி வருடத்தில் உள்ளகப் பயிற்சி வந்தது. ஏதாவதொரு நிறுவனத்தில் வேலை பழகி, அங்கே பொறுப்பாக இருப்பவரின் கையெழுத்தோடு திரும்பினால்தான் பட்டம். இல்லாவிட்டால் இன்னொரு வருடம். அப்பாவோ அடுத்த தை மாதம் ஓய்வு பெறுகிறார். அந்தக் கையெழுத்துக்காக அவளும், கூடப் படிக்கும் கொட்டாஞ்சேனைப் பெடியன் ஸியாமும், கொச்சிக்கடையில் அலுவலகம் வைத்திருந்த சிவக்கொழுந்துவிடம் சேர்ந்தார்கள்.

சிவக்கொழுந்து பாடசாலை விளையாட்டுப் போட்டி, நடைபவனி, கால்பந்துச் சுற்று என்று எதையும் நடத்திக் கொடுப்பார். பந்து எந்தப் பக்கம் போகிறது என்பதில் அவருக்கு அவ்வளவு அக்கறை இல்லை. பிரதம விருந்தினர் எந்தப் பக்கத்தால் வருகிறார் என்பதுதான் அவருக்கு விளையாட்டு. பயிற்சிக்கு வந்த இரண்டு பேருக்கும் அவர் முதலில் பழக்கியது குத்துவிளக்குத் திரியை எண்ணெயில் ஊறப்போடுவதை. இரண்டாவது, தேசிய கீதத்தை லப்டொப்பில் தயாராக வைத்திருந்து, விருந்தினர் மேடைக்கு வந்ததும் பொத்தானை அமத்தி ஒலிக்கவிடுவதை.

ஒரு சனிக்கிழமை கொட்டாஞ்சேனையில் ஒரு திடலில் போட்டி. வடக்குப் பாடசாலைகளின் கொழும்புப் பழைய மாணவர்கள் ஆண்டுக்கொரு முறை ஆடும் எழுவர் கால்பந்து. பிள்ளை குட்டியோடு, ரோல்ஸ் பெட்டியோடு, போன வருடத்துத் தோல்விக்கான காரணங்களோடு சனம் வந்து குவிந்தது. மைதானத்துக்கும் பவிலியனுக்கும் நடுவே இரண்டு உயர்ந்த மதில்களுக்கிடையில் ஒரு ஒழுங்கை. அதன் மைதானத்துப் பக்க வாயிலில் ஓர் இரும்புக் கேற். பவிலியனுக்கு ஏறும் படி ஒழுங்கைக்குள் இருக்கிறது; மற்ற வாயில் வீதிக்குப் போகிறது. விருந்தினர் அந்த ஒழுங்கையால்தான் வருவார் என்று சிவக்கொழுந்து அங்கே சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார். யாரும் மிதித்து ஊத்தையாக்கிவிடக் கூடாதென்று கேற்றுக்குப் பூட்டும் போட்டார்.

பூட்டும்போது நிருஷா கவனித்தாள். கேற் மைதானத்துப் பக்கமாக, உள்ளுக்குத்தான் திறக்கிறது. சனம் வெளியேறும் கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் நெரிசலில் திறக்கவே முடியாது என்று மூன்றாம் வருடப் பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதி நல்ல புள்ளி எடுத்தவள். நாக்கு வறண்டு போனாலும் சொல்லிப் பார்த்தாள்.

"சேர், இந்தக் கேற் உள்ளுக்கெல்லோ திறக்குது. சனம் கூடினா..."

"உள்ளுக்குத் திறந்தா என்ன, வெளியாலை திறந்தா என்ன? வி.ஐ.பி. வரேக்கை திறந்தாச் சரி. படிச்சதெல்லாத்தையும் இஞ்சை அவிழ்க்காதேங்கோ தங்கச்சி." சாவியை அவள் கையில் திணித்தார். "நீர் வச்சிரும். ஸியாமிட்டைக் குடுத்தா கூட்டாளியளை விட்டிடுவான்."

நிருஷா சாவியைப் பொத்திக்கொண்டாள். கையெழுத்து அவரிடம் இருந்தது.

ஸியாம் மைதானத்துப் பக்கம் கேற்றடியில் காவல் நின்றான். நிருஷா ஒழுங்கைப் பக்கம், பவிலியன் படிக்குக் கீழே, மைக்கும் லப்டொப்பும் வைத்த மேசையடியில் இருந்தாள். இறுதிப் போட்டி தொடங்க வேண்டிய நேரம் போய்விட்டது. விருந்தினரைக் காணவில்லை. வானம் துறைமுகப் பக்கமாகக் கறுத்துக்கொண்டு வந்தது.

பிறகு மழை கொட்டியது. சிவக்கொழுந்து மைக்கைப் பிடுங்கி, "எல்லாரும் பவிலியன் பக்கம் வாங்கோ, பவிலியன் பக்கம் வாங்கோ" என்று கத்தினார். அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. விருந்தினர் சந்தியில் திரும்புகிறாராம். பூட்டும் மறந்தது, சனமும் மறந்தது. பெரிய குடையை விரித்துக்கொண்டு வீதிப் பக்கம் ஓடினார். திடலுக்குப் பின்னால் எங்கேயோ இடி விழுந்தது. நிலம் அதிர்ந்தது. ஒரு பெண் வீரிட்டாள். அதோடு முழு மைதானமும் கேற்றை நோக்கி ஓடி வந்தது.

முதலில் வந்தவர்கள் சிரித்துக்கொண்டுதான் வந்தார்கள். "தம்பி, திறவுமன்" என்றார்கள். ஸியாம் திரும்பி, "நிருஷா, சாவி!" என்றான். அவள் ஓடினாள். கை நடுங்கியதில் சாவி ஒருமுறை கம்பளத்தில் விழுந்தது. எடுத்துப் பூட்டைத் திறந்து, தாழ்ப்பாளையும் இழுத்துவிட்டாள். கேற் அசையவில்லை.

ஸியாமின் முதுகு கேற்றோடு ஒட்டியிருந்தது. அவன் எப்படியோ முகத்தை இந்தப் பக்கம் திருப்பினான். கன்னம் கம்பிகளுக்கிடையில் பிதுங்கியது.

"தொறக்க ஏலா... எல்லாரும் தள்றாங்க. பின்னால சொல்லு."

"ஸியாம், சனத்தைக் கொஞ்சம் அங்காலை தள்ளுங்கோ!"

"ஏலா நிருஷா. மூச்சு... மூச்சு வருதில்ல."

அவனுக்குப் பக்கத்தில் ஒரு தாய் பிள்ளையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். அவளுடைய வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. அதுதான் நிருஷாவை உலுக்கியது. இவ்வளவு பேர் நிற்கிற இடத்தில் முன்வரிசையிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. கத்துவதற்குக் காற்று வேண்டும். பின்னால் நிற்பவர்களோ கலகலவென்று கதைத்துக்கொண்டு, முன்னால் கேற் திறந்திருக்கிறதென்ற நம்பிக்கையில், நனையாமலிருக்கத் தள்ளிக்கொண்டேயிருந்தார்கள். கெட்டவர்கள் யாருமில்லை. சித்தப்பாமாரும் அங்கிள்மாரும்தான்.

மைக்கடிக்கு ஓடினாள். வாழ்க்கையில் மைக்கைத் தொட்டறியாதவள். "பின்னுக்குப் போங்கோ! எல்லாரும் பின்னுக்குப் போங்கோ!" தகரக் கூரையில் மழை அடித்த சத்தத்தில் அவளுடைய மெல்லிய குரல் சனத்துக்குச் சத்தமாகத்தான் கேட்டதே தவிரச் சொல்லாகக் கேட்கவில்லை. சிங்களத்திலும் அதையே, "பஸ்ஸட்ட யன்ன!" என்றாள். என்னவோ கூப்பிடுகிறார்கள் என்று பின்னாலிருந்தவர்கள் இன்னும் நெருங்கினார்கள். கேற்றைத் தாங்கும் பிணைச்சல் கிறீச்சிட்டது. பிள்ளையைத் தூக்கிப் பிடித்த கைகள் தாழத் தொடங்கின.

ஸியாம் செத்துப்போகப் போகிறான், சாவி வைத்திருந்தது நான், என்ற ஒன்றைத் தவிர அவளுடைய மூளையில் வேறெதுவும் இல்லை. கண் மேசையில் குத்திட்டு நின்றது. அங்கே லப்டொப் திரையில், விருந்தினர் வந்ததும் அமத்துவதற்குத் தயாராக, தேசிய கீதம் இருந்தது.

யோசித்துச் செய்தாள் என்று சொன்னால் பொய். அவளுடைய கால்தான் யோசித்தது. ஒலியை உச்சத்துக்குத் திருகிவிட்டு அமத்தினாள்.

மழையை மீறிக்கொண்டு இசை எழும்பியது. மைதானத்தின் கடைசியில் ஓடி வந்துகொண்டிருந்த ஒருவர் சடுதியாக நின்றார். அவருக்கு முன்னாலிருந்தவர் நின்றார். குடை பிடித்தவர்கள் குடையைத் தாழ்த்தினார்கள். தள்ளிக்கொண்டிருந்த கைகளெல்லாம் பக்கத்தில் இறங்கித் தொடையோடு ஒட்டின. ஒவ்வொரு காலை வேளையும் பாடசாலையில் நின்று பழகிய கால்கள், யார் பார்க்கிறார்களோ என்று நின்று பழகிய கால்கள், அத்தனையும் கொட்டும் மழையில் அப்படியப்படியே நின்றுவிட்டன. மின்னலுக்கு ஓடியவர்களை அதைவிடப் பழைய பயமொன்று பிடித்து நிறுத்தியது.

கேற்றிலிருந்து பாரம் மெல்ல விலகியது. ஸியாம் சரிந்தான். சரிந்தவன் கம்பியைப் பிடித்துக்கொண்டே தன் பக்கம் இழுக்க, கேற் ஒரு ஆள் நுழையுமளவுக்குத் திறந்தது. நிருஷா அந்த இடைவெளிக்குள் கையை விட்டு, முதலில் பிள்ளையை வாங்கினாள். பிறகு தாயை இழுத்தெடுத்தாள். அடுத்ததாக நின்ற பெரியவர் அசைய மறுத்தார். கையிரண்டும் தொடையில்.

"பிள்ளை, தேசிய கீதமெல்லோ போகுது."

"பரவாயில்லை, நடவுங்கோ!" என்று நிருஷா கத்தினாள். அந்தக் கத்தலைக் கேட்டு அவளே திடுக்கிட்டாள். "நடவுங்கோ! ஒவ்வொருத்தராய் நடவுங்கோ!"

ஒருவர் பின் ஒருவராக, ஏதோ களவு செய்தவர்கள் போலத் தலையைக் குனிந்துகொண்டு, சிவப்புக் கம்பளத்தில் சேறு பதித்துப் போனார்கள். கீதம் முடியப் போகிறதென்று அவளுக்குத் தெரிந்தது. முடிந்தால் பின்னாலிருப்பவர்கள் மறுபடி தள்ளுவார்கள். ஓடிப்போய் மறுபடியும் முதலிலிருந்து அமத்தினாள்.

அந்த இரண்டாவது முறையின் நடுவில்தான் பிரதம விருந்தினர் வந்திறங்கினார். தான் வரமுன்னமே ஒலிக்கும் கீதத்துக்குத் தன் காரடியில் விறைப்பாக நின்றார். அவருடைய கம்பளத்தால் நனைந்த சனம் ஊர்வலம் வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் சிவக்கொழுந்து குடையோடு நின்றார். அவருடைய முகம் போன போக்கைச் சொல்லி முடியாது.

யாரும் சாகவில்லை. அதுதான் நிருஷாவுக்கு வினையாகப் போயிற்று; என்ன நடக்கப் பார்த்ததென்று பின்னால் நின்றவர்களுக்குத் தெரியவேயில்லை. நாலைந்து பேருக்குச் சிராய்ப்பு, தொலைந்த செருப்புகள், மயங்கித் தெளிந்த ஒரு தாய். அவ்வளவுதான். மழை விட்டதும் பின்னாலிருந்து வந்தவர்கள் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு, "அதேன் ரெண்டு தரம் போட்டவை?" என்று சிரித்தார்கள்.

விருந்தினரோடு வந்த பொலிஸ்காரர் சிரிக்கவில்லை. "கவுத தெம்மே?" என்று கேட்டார். போட்டது யார் என்ற கேள்விக்குச் சிவக்கொழுந்துவின் விரல் நேரே நிருஷாவை நோக்கி நீண்டது. பொலிஸ்காரர் அவளுடைய அடையாள அட்டையை வாங்கி, பெயரை ஒருமுறை, ஊரை ஒருமுறை வாசித்தார். ஏன் போட்டாய் என்றார்.

"பயத்திலை" என்றாள் சிங்களத்தில். அவளுக்குத் தெரிந்த முழு உண்மையும் அதுதான். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். வீட்டில் இதைச் சொன்னால் அப்பா நித்திரை கொள்ளமாட்டார் என்று அவளுக்கு அப்போதே தெரிந்தது.

"என்ரை மானத்தை வாங்கிப் போட்டீர்" என்றார் சிவக்கொழுந்து. "திங்கக்கிழமை கொமிற்றி முன்னாலை வந்து மன்னிப்புக் கேளும். பயத்திலை புத்தி தடுமாறிப் பிழை விட்டிட்டன் எண்டு சொல்லும். அதுக்குப் பிறகு கையெழுத்தைப் பற்றிக் கதைப்பம்."

சுவரில் சாய்ந்திருந்த ஸியாம் மெல்ல எழும்பி வந்தான். போட்டிருந்த சேட்டை முதுகுக்கு மேலே உயர்த்தித் திரும்பினான். முதுகில் கேற்றின் கம்பித் தடங்கள் கண்டி நீலம் பாரித்து வரிவரியாக இருந்தன.

"சேர்," என்றான், "இதுலயும் ஒரு கையெழுத்து வைங்க."

சிவக்கொழுந்து பார்த்தார். பார்த்துவிட்டு, கம்பளத்தைச் சுருட்டுகிறவர்களிடம் ஏதோ சொல்லப் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை நிருஷா மன்னிப்புக் கேட்பதற்கென்று வெளிக்கிட்டாள். இரண்டு இரவாகச் சரியான நித்திரையில்லை. கண்ணை மூடினால் சத்தமில்லாமல் திறந்த அந்த வாய்தான். அப்பா பேப்பர் வாங்கக் கூடவே சந்திவரை வந்தார். ஒரு பாடசாலை மதிலைத் தாண்டும்போது உள்ளே தேசிய கீதம் தொடங்கியது. அப்பா நின்றார். தெருவில் போனவர்களும் நின்றார்கள்.

நிருஷாவும் நின்றாள். மதிலுக்கப்பால் நூற்றுக்கணக்கான சின்னக் கால்கள் அசையாமல் நிற்பது அவளுக்குத் தெரிந்தது. கண் தன்பாட்டில் கேற்றைத் தேடிப் போனது. பெரிய இரும்புக் கேற். சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. பிணைச்சல் உள்பக்கம்.

கீதம் முடிந்தது. அவள் ஏற வேண்டிய கோட்டை பஸ் வந்து நின்றது.

"பிள்ளை, பஸ்!" என்றார் அப்பா.

அவள் பஸ்ஸைப் பார்த்தாள். பஸ் ஹோர்ன் அடித்தது, போய்விட்டது. அப்பா வாயைத் திறந்தபடி நிற்க, நிருஷா கேற்றடிக்குப் போய்க் கம்பியைத் தட்டினாள். காவலாளி எட்டிப் பார்த்தார். அவளுக்கு நாக்கு வறண்டது, கை நடுங்கியது, எல்லாம் வழக்கம் போலத்தான்.

"அங்கிள்," என்றாள், "அதிபரைக் காண வேணும். இந்தக் கேற் உள்ளுக்குத் திறக்குது."