அதிபர் வேட்பாளருக்கு ஜோடிப் பொருத்தம்

கட்சி மாநாட்டுக்கு ஒரு வாரம்கூட இல்லை. லோர்னா விக்கரிக்கு இன்னும் ஜோடி அமையவில்லை. பெண்ணுக்கு வரன் தேடுகிறவனாவது தரகர் மேல் பழியைப் போடலாம். எனக்கு அந்த வசதியும் இல்லை. தரகனே நான்தான்.

லோர்னா வெர்மான்ட் செனட்டர். எங்கள் கட்சியின் அதிபர் வேட்பாளர். நான் கஸ் டெடெஸ்கோ, அவருடைய பிரசாரத்தைக் கட்டி மேய்க்கிறவன். கட்சியில் இவருக்கு இடதுபக்கம் சுவர்தான் இருக்கிறது, அவ்வளவு இடது. அதனால் துணை அதிபர் வேட்பாளராக வலதுபக்கத்திலிருந்து ஒருவரைப் பிடித்துவந்து பக்கத்தில் நிறுத்தவேண்டும். இங்கே எல்லாக் கட்சிக்காரர்களும் பார்க்கிற பொருத்தம்தான் இது. பார்க்காவிட்டால் எந்தப் பக்கமும் சாயக்கூடிய பென்சில்வேனியா மாநிலம் போய்விடும். பென்சில்வேனியா போனால் எல்லாம் போய்விடும்.

லோர்னாவின் முதல் வாக்குறுதி, பூமிக்கு அடியில் பாறையை உடைத்து எரிவாயு எடுப்பதை நிறுத்துவது. நான் அவரிடம் வந்து சேர்ந்ததே அதற்காகத்தான். என் அக்கா தெரேசா பென்சில்வேனியாவில் இருக்கிறாள். வீட்டுக்குப் பின்னால் துளை போட்டபிறகு அவள் கிணற்றுத் தண்ணீர் டீ நிறத்துக்கு மாறிவிட்டது. குளிப்பதற்கே கேன் தண்ணீர் வாங்குகிறாள். ஒருமுறை லோர்னாவை அங்கே கூட்டிப்போனேன். கேமரா கிடையாது, நிருபர் கிடையாது. குழாயைத் திறந்து ஒரு கிளாஸ் பிடித்தார். நான் தடுப்பதற்குள் ஒரு வாய் குடித்தேவிட்டார். "இதை நிறுத்திக் காட்டறேன் தெரேசா" என்றார். அன்றிலிருந்து அந்த அம்மாவுக்காக நாயாக உழைக்கிறேன்.

நான் பிடித்த ஜோடி டேல் ஆஸ்ட்ராண்டர், ஓக்லஹாமா ஆளுநர். உடம்பைக் கீறினால் எண்ணெய்தான் வரும். என் கணக்கு எளிமையானது. லோர்னா தண்ணீரைப் பற்றிப் பேசுவார், ஆஸ்ட்ராண்டர் எண்ணெயைப் பற்றிப் பேசுவார், இரண்டு தரப்பும் ஓட்டுப் போடும். ஜெயித்தபிறகு தலை சொல்வதுதான் நடக்கும். துணை அதிபருக்கு அயல்நாட்டுத் தலைவர்களின் சாவுக்குப் போய்வருவதைத் தவிரப் பெரிய வேலை கிடையாது. வால் ஆடலாம், அவ்வளவுதான்.

ஏரிக்கரையில் லோர்னாவின் வீட்டுவாசலில் நிருபர்கள் கூடாரம் போடாத குறை. ஆஸ்ட்ராண்டரைப் பிளம்பர் வேனில் படுக்கவைத்து, மேலே ஒரு தார்ப்பாயைப் போர்த்தி, காரேஜ் வழியாக உள்ளே கொண்டுவந்தேன். ஒரு மாநிலத்தின் ஆளுநர் முழங்காலைத் தடவிக்கொண்டே இறங்கினார். யாரும் மோப்பம் பிடிக்கக்கூடாது என்று வழி முழுக்க இருவர் போனையும் அணைத்துவைத்திருந்தேன், உள்ளே வந்தபிறகுதான் போட்டோம்.

சாப்பாட்டு மேஜையிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும். பல வருஷமாக இறைச்சியைத் தொடாத லோர்னா, தட்டளவுக்கு மாட்டிறைச்சித் துண்டு ஒன்றைச் சுட்டுவைத்திருந்தார்.

"உங்க ஊர் பக்குவத்துல செஞ்சிருக்கேன், சாப்பிடுங்க" என்றார்.

"ஐயோ மேடம், நான் அதெல்லாம் விட்டுட்டேன். ரெண்டு இலை தழை இருந்தா போதும்" என்றார் ஆஸ்ட்ராண்டர்.

மாட்டுப் பண்ணையில் பிறந்த மனிதர் இலை தழை கேட்கிறார். கடைசியில் அந்தத் துண்டு என் தட்டுக்குத்தான் வந்தது.

ஆஸ்ட்ராண்டர் கையைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தார். "மேடம், என்னால உங்களுக்கு ஒரு சங்கடமும் வராது. இன்னிக்குக் காலையில எங்க ஊர் டிவியிலயே சொல்லிட்டேன். பாறையை உடைச்சு கேஸ் எடுக்கறதை நிறுத்தியே ஆகணும்னு."

லோர்னாவின் முள்கரண்டி பாதி வழியில் நின்றது. "யாரைக் கேட்டுச் சொன்னீங்க?"

"யாரைக் கேக்கணும்? உங்க கொள்கைதானே?"

"என் கொள்கையாத்தான் இருந்துச்சு. நான் காலையில பென்சில்வேனியாவுல பிட்ஸ்பர்க் பத்திரிகைக்காரங்களைக் கூப்பிட்டு அதைக் கைவிட்டாச்சுன்னு சொல்லிட்டேனே! எண்ணெய்க்காரர் பக்கத்துல நிக்கப்போறோம், கொஞ்சம் ஒத்துப்போவோம்னு பார்த்தேன்."

எனக்குத் தொண்டையில் இறைச்சி சிக்கியது. இருமி முடித்ததும் கத்தினேன். "உங்க ரெண்டு பேருக்கும் மூளை இருக்கா? அவர் எண்ணெய் பேசணும், நீங்க தண்ணி பேசணும்னுதானே இந்த ஆளை வேன்ல படுக்கவச்சுக் கூட்டிட்டு வந்தேன்! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொல்லியிருந்தா நீ விட்டிருக்க மாட்டே கஸ்" என்றார் லோர்னா.

"ஆமா, விட்டிருக்க மாட்டேன்! அதுக்குத்தானே என்னை வச்சிருக்கீங்க?"

"சரி, நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன்" என்று ஆஸ்ட்ராண்டர் பெருந்தன்மையாகப் போனை எடுத்தார். பார்த்தார். பேட்டி ஊர் முழுக்க ஓடிவிட்டிருந்தது. இனி என் முகத்தில் முழிக்காதே என்று பழைய எண்ணெய்ச் சிநேகிதர்கள் வரிசையாக எழுதியிருந்தார்கள். "இப்ப திரும்பிப் போனா ரெண்டு பக்கமும் செருப்படிதான்" என்றார்.

நான் லோர்னாவைப் பார்த்தேன். "அப்போ நீங்க வாபஸ் வாங்குங்க. பழையபடி நிறுத்துவேன்னு சொல்லுங்க."

"முடியாதுப்பா. கேஸ் தொழிலாளர் சங்கம் மத்தியானமே ஆதரவு அறிவிச்சிடுச்சு. இப்ப மாத்துனா பென்சில்வேனியா போச்சு."

"என் அக்கா வீட்டுத் தண்ணி?"

அவர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு, "ஜெயிச்சாத்தானே கஸ் எதையாவது செய்யமுடியும்?" என்றார். ஊர் ஊராகப் போய்ச் சொல்ல அந்த வசனத்தை அவருக்கு எழுதிக்கொடுத்தவனே நான்தான். அதை என்மேலேயே பிரயோகித்தால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

ஆஸ்ட்ராண்டர் இலையை மென்றபடி யோசித்தார். "ஒரு விதத்துல பார்த்தா பொருத்தம் கெடலையே. ஒருத்தர் வேணுங்கறோம், ஒருத்தர் வேண்டாங்கறோம். தராசு சமமாத்தானே நிக்குது?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். சமமாகத்தான் நின்றது. பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கைப் பிடித்து, அதற்கு மாலையும் போட்டாயிற்று.

அப்போதுதான் என் போன் அடித்தது. தெரேசா. அவள் போனில் பேசினால் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். மேஜையில் இருந்தவர்களுக்குக் கேட்காமல் இருக்குமா?

"டேய் கஸ்! ஓக்லஹாமாக்காரன் ஒருத்தன் டிவியில வந்து கேஸ் எடுக்கறதை நிறுத்தணும்ங்கறான். கேட்டுட்டு அழுதே போயிட்டேன்டா. ஆனா லோர்னா வேற என்னமோ சொன்னதா பக்கத்து வீட்டுக்காரி வந்து சொல்றா. பொய்தானே?"

"பொய் இல்லக்கா."

"அந்த ஆள்தான் லோர்னாவுக்கு ஜோடியா வரப்போறான்னு டிவியில பேசிக்கறாங்க. ரெண்டு பேரும் சேர்ந்துதானே நிக்கறாங்க? யாரு மேல, யாரு கீழ?"

"லோர்னா மேல. அவர் கீழ."

"அப்போ நிறுத்தறேங்கறவனுக்கு அதிகாரம் கிடையாது. அதிகாரம் வரப்போறவ நிறுத்த மாட்டா. அப்படித்தானே?"

"அப்படித்தான்."

"ரெண்டு பேரையும் மாத்தி நிக்கவைக்க முடியாதாடா?"

ஆஸ்ட்ராண்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் கண்ணில் அந்த ஒரு நொடி தெரிந்த ஆசையை என்னால் மறக்கமுடியாது. லோர்னா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடியாதுக்கா. கட்சிக்குள்ள நடந்த தேர்தல்ல ஜனங்க ஓட்டுப் போட்டு லோர்னாவைத்தான் வேட்பாளரா எடுத்திருக்காங்க."

"நானும்தான்டா போட்டேன்" என்றாள் தெரேசா. குரல் இறங்கிவிட்டது. "சரி விடு. அடுத்த தடவை வர்றப்ப ரெண்டு கேன் தண்ணி வாங்கிட்டு வா. கடைக்காரன் விலையை ஏத்திட்டான்."

போனை வைத்தேன். லோர்னா எழுந்து தன் தட்டைக் கழுவப் போனார். குழாயைத் திறந்தார். வெர்மான்ட் தண்ணீர், கண்ணாடி மாதிரி கொட்டியது. கையில் இருந்த கிளாஸில் அதைப் பிடித்தார். குடிக்கவில்லை, பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு திரும்பி என்னிடம் நீட்டினார்.

"கத்திக் கத்தித் தொண்டை காஞ்சிருக்கும். குடி கஸ்."

தாகமாகத்தான் இருந்தது. வேண்டாம் என்றேன்.