வலது சீட்டுக்காரி

ஏர்லைன்ல கோ-பைலட்டுன்னா வலது சீட்டு. இடது சீட்டு கேப்டனுக்கு. நான் இடது பக்கம் மாறணும்னா பறந்த நேரத்தை எழுதி வைக்கிற என் லாக்புக்ல ஒரு தனிக் கட்டம் நிரம்பணும். கேப்டன் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டிருக்க, ஓட்டுறதும் முடிவெடுக்கிறதும் நானேன்னு இருந்த நேரம் மட்டும்தான் அதுல ஏறும். அதுக்கு கேப்டன் கையெழுத்துப் போடணும். போடலைன்னா அது வெறும் கோ-பைலட் நேரம். அதை மூட்டை மூட்டையா சேத்து வச்சாலும் நான் கேப்டன் ஆக முடியாது.

சட்டம் சுலபம்தான். எங்க ஆளுங்க பழக்கம் இருக்கே, அதைத்தான் சகிக்க முடியாது. கையெழுத்தை அன்னிக்கே போடமாட்டாங்க. மாசக் கடைசியில பெங்களூர் இந்திராநகர்ல கேப்டன் வீட்டு கேட்டுல ஸ்வீட் பாக்ஸோட போய் நிக்கணும். என்கூட வேலைக்குச் சேந்த ஹரிஷ்குமார் நிப்பான். அவன் கட்டமும் நிரம்பிக்கிட்டே வந்துச்சு. "என்னா பிரிஜெட், கால் கிலோ மைசூர் பாக்ல என்ன குறைஞ்சிடப் போற?"ம்பான். "நான் ஓட்டுனதுக்கு நான் ஏன்டா மைசூர் பாக் வாங்கணும்?"னு கத்துவேன்.

நான் போய் நிக்கல. அதனால கேப்டன் சீனிவாசராகவன்கூட நான் ஓட்டுன எதுவும் அந்தக் கட்டத்துல ஏறல. "லேண்டிங் பண்ணது நீதாம்மா. முடிவெல்லாம் என்னோடது. கோ-பைலட்னே எழுதிக்கோ"ன்னு சிரிப்பார். எல்லாப் பசங்களும் கேப்டன் ஆவானுங்க, விவேக் நகர் பிரிஜெட் மட்டும் வலது சீட்டுலயே கிழவி ஆகணுமா?

தொண்ணூத்தெட்டு செப்டம்பர்ல ஒரு நாள், கோவா போயிட்டு வர்ற ஃப்ளைட். "இன்னிக்கு முழுக்க நீயே ஓட்டு"ன்னார். பெங்களூர்ல இறங்க வர்றப்ப மழை ஊத்துது. குறிச்ச உயரத்துக்கு வந்தும் ரன்வே தெரியலைன்னா இறங்கக் கூடாது, மேல தூக்கிடணும். கண்ணாடியில தண்ணியைத் தவிர ஒரு எழவும் தெரியல.

"இறங்கு, இறங்கு, தெரிஞ்சிடும்"னார்.

"தெரியல கேப்டன். மேல போறேன்"னு த்ராட்டிலை முழுசா தள்ளிட்டேன். அவர் கையை நீட்டி என்கிட்டேர்ந்து கன்ட்ரோலை வாங்கல. ஒரு சுத்து சுத்தி, மழை நகந்ததும் அலுங்காம இறக்கினேன்.

ஆபீசுக்குள்ள காலை வச்சதும் ஆபரேஷன்ஸ் மேனேஜர் வெங்கடசுப்ரமணியன் குதிச்சார். "கேப்டன், எதுக்கு அந்த ஒரு சுத்து? ஃப்யூயல் என்ன சும்மாவா வருது? அடுத்த ஃப்ளைட்டும் லேட். இது யார் முடிவு?"

சீனிவாசராகவன் என் பக்கம் கையைக் காட்டினார். "நான் இறங்கத்தான் சொன்னேன். இவதான் கேக்காம தூக்கிட்டா. முடிவு முழுக்க இவளோடது. அப்படியே ரிப்போர்ட்ல எழுதிக்கோங்க."

மாதாவே! என் காதையே என்னால நம்ப முடியல. கோவம் வந்துச்சு, அதுக்கு மேல சந்தோஷம் வந்துச்சு. பையிலேர்ந்து லாக்புக்கை எடுத்து மேஜை மேல டபார்னு வச்சேன்.

"ஆமா சார், முடிவு என்னோடதுதான். நாளைக்கு அதே மழை பெஞ்சா அதையேதான் செய்வேன். கேப்டன், அந்தக் கட்டத்துல கையெழுத்துப் போடுங்க."

"அதெல்லாம் மாசக் கடைசியில வீட்டுக்கு வா, பாத்துக்கலாம்."

"வரமாட்டேன். முடிவு என்னோடதுன்னா நேரமும் என்னோடது. இல்ல, முடிவு உங்களோடதுன்னா அந்தச் சுத்தும் உங்களோடது, ரிப்போர்ட்ல உங்க பேரை எழுதச் சொல்லுங்க. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

வெங்கடசுப்ரமணியன் பேனாவைப் பிடிச்சுக்கிட்டு அவரையே பாத்தார். "யார் பேர் எழுதட்டும் கேப்டன்?"

சீனிவாசராகவன் மூஞ்சி சிவந்துச்சு. லாக்புக்கை இழுத்து, கையெழுத்தைக் கிறுக்கி, என் பக்கம் தள்ளினார். "இனிமே இவளை என்கூட போடாதீங்கன்னு டூட்டி போடுறவங்ககிட்ட சொல்லிடறேன்."

"தாராளமா சொல்லுங்க கேப்டன்"னு லாக்புக்கைத் திரும்ப அவர் பக்கமே தள்ளினேன். "காலையில கோவாவுக்குப் போறப்பவும் நான்தான் ஓட்டினேன். அதுக்கும் ஒண்ணு போட்டுட்டு சொல்லுங்க."