இரண்டு வானம்பாடிகளும் ஃப்ளோரா டீச்சரின் முகமும்

1

இந்தக் கதை என் கட்டைவிரலில் பிறந்தது. கேளம்பாக்கம் தாண்டிய ஒரு பொட்டலில், ஒரு வானம்பாடி வாய் திறக்கட்டும் என்று ஃப்ளோரா டீச்சர் நாற்பது நிமிடமாகக் காத்திருந்தார். உதவி செய்கிறேன் பேர்வழி என்று நான் போனில் வானம்பாடிப் பாட்டைப் போட்டுவிட்டேன், முந்தின நாள் கச்சேரி கேட்ட அதே சத்தத்தில். பறவை போயே போய்விட்டது.

2

முதலில் வேறு மாதிரி தொடங்கியிருந்தேன்: 'பொன்னிற வைகறையில் சிறகடித்தது ஒரு...'

[வெட்டினேன். பறவை மண் நிறம். வைகறையை அடையாறில் பஞ்சர் ஒட்டுவதில் கழித்தோம்.]

அங்கே இரண்டு வகைப் புதர் வானம்பாடிகள் இருக்கலாம். இரண்டுக்கும் மார்பில் புள்ளி, சிறகில் செம்மை. ஒன்று பெரும்பாலும் கல்லிலோ கம்பியிலோ உட்கார்ந்து பாடும். மற்றது பாடிக்கொண்டே உயரக் கிளம்பி, காலைத் தொங்கவிட்டு இறங்கும். அந்த மற்றதை அந்தப் பொட்டலில் பார்க்கத்தான் டீச்சர் ஆறு வருடமாக அலைகிறார்.

"மூஞ்சிய வெச்சு சொல்லக் கூடாது மௌலி சார். வாயத் தொறக்கட்டும்."

சாந்தோமில் இயற்பியல் டீச்சர். என்னைவிட இருபது வயது சின்னவர். கழுத்தில் எறும்பு ஏறினாலும் அசைய மாட்டார். நான் கொட்டாவி விட்டால் கொக்கு எழும்பும்.

3

திரும்பும்போது காரில் டீச்சர் முன்சீட்டிலிருந்து ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். அவர் கணவர் ஆம்ப்ரோஸ்தான் ஓட்டினார்.

"இன்னா சார், நேயர் விருப்பமா?"

நான் மட்டும் சிரித்தேன். "கோவமா டீச்சர்?"

"சிக்னல் விழுந்திடுச்சு, போங்க" என்றார், கணவரிடம்.

[கோபம் வந்தாலும் வராவிட்டாலும் அவருக்கு ஒரே முகம்தான். அடுத்த சனிக்கிழமை பின்சீட்டில் எனக்கு இடம் உண்டா? பணி ஓய்வுக்குப் பிறகு என் வாரத்தில் மிச்சமிருக்கும் ஒரே கிழமை அது.]

4

முடிவு அ: பறவை திரும்பி வருகிறது. பாடிக்கொண்டே எழும்புகிறது. டீச்சர் நோட்டில் அதன் பெயரை எழுதுகிறார்.

முடிவு ஆ: நான் போனை அடையாற்றில் எறிகி... [புது போன்.]

'அ'வை அச்செடுத்து டீச்சர் வீட்டுக்கே கொண்டுபோனேன். என்னால் தர முடிந்த பறவை அதுதான். நிதானமாகப் படித்தார். பேனாவை எடுத்து, பறவை எழும்பிய வரியை அடித்தார்.

"பாக்காதத எழுதாதீங்க சார்."

"கதைதானே டீச்சர்?"

"கதை உங்களுது. அந்த நோட்டு என்னுது."

ஓரத்தில் எழுதினார்: 'ஏதோ ஒரு புதர் வானம்பாடி.' நோட்டிலும் அப்படித்தான் எழுதியிருந்தாராம். ஆறு வருட ஆசை; ஒரு சொல்கூட அதிகம் இல்லை. எனக்குக் கைதட்டத் தோன்றியது. என் சத்தத்தின் பலன் தெரிந்ததால் தட்டவில்லை.

5

முடிவு இ: [நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்று விட்டுவிடத்தான் இருந்தேன்.]

டீச்சர் பேனாவை மூடியதும், கோபமா என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாகச் சும்மா உட்கார்ந்திருந்தேன். கழுத்தில் ஓர் எறும்பு ஏறியது. ஏறட்டும்.

"ஆமா, கோவம்தான்" என்றார் டீச்சர். "சனிக்கெழம அஞ்சரைக்குக் கார் கெளம்பும். போன மட்டும் வீட்டுல வெச்சிட்டு வாங்க."