பின்பக்கம் மட்டும்

நாத்தனார் நீட்டிய தண்ணீர் டம்ளரை வாங்கப் போன அவள் கை பாதியில் நின்றது. வீட்டுக்குப் பின்னாலிருக்கும் பட்டறையில் யாரோ ஜாக்கி அடித்துக்கொண்டிருந்தார்கள். கட், கட், கட் என்று ஒவ்வொரு பல்லாக ஏறும் பெரிய ஜாக்கி. அடுப்படியில் நின்றாலும் அந்தச் சத்தம் கேட்கும்.

முன்னறையில் அவள் கணவரைக் கிடத்தியிருந்தார்கள். எடுத்துப்போகும் வண்டி மாலையில்தான் வருமாம். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மாமியார் நிமிர்ந்தாள்.

"அங்க என்னடி சத்தம்?"

"ஜீப்பு, அத்தை."

"இன்னைக்குமா? எமன் நடுவீட்டுல உக்காந்திருக்கான். இன்னும் அந்த வண்டிய நோண்டாம இருக்க முடியலையா?"

அவள் எழுந்தாள். "அண்ணி, எங்க போறீங்க?" என்று நாத்தனார் கையைப் பிடித்தாள். பிடித்த வேகத்திலேயே விட்டும்விட்டாள்.

பட்டறையில் கொழுந்தன் ஜீப்பின் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டிருந்தான். ஊரில் அவனுக்கு ஸ்டெப்னி என்று பேர். அண்ணன் போகிற இடமெல்லாம் பின்னால் ஒட்டிக்கொண்டே போவதால் வந்த பேர். அவளைக் கண்டதும் ஜாக்கியின் கைப்பிடியை விட்டுவிட்டான்.

"நீங்க ஏன் இங்க வந்தீங்க அண்ணி?"

"நீ ஏன் வந்த?"

"மலை மேலேருந்து போன் வந்துச்சு. செல்போன் டவர் காவல்காரங்க ரெண்டு பேருல ஒருத்தருக்குக் காய்ச்சலாம், எழுந்திரிக்கவே முடியலையாம். நடத்திக் கூட்டிட்டு வர முடியாது. மழை இன்னொரு தரம் புடிச்சா ஓடையைத் தாண்டவே முடியாது. விடியறப்போ நான் போய்த்தான் ஆகணும்."

"இந்த ஜீப்புலயா?"

"வேற எது ஏறும், சொல்லுங்க. பம்பர் நசுங்கியிருக்கு, ஒரு லைட் போயிருச்சு. இஞ்சின் ஒழுங்காதான் ஓடுது." மூலையில் சாக்கு போர்த்திக் கிடந்த புது ஸ்பிரிங்குகளைக் காட்டினான். "அதையும் போட்டுத் தூக்கிடலாமான்னு... நீங்கதான் சொல்லணும்."

அந்த ஸ்பிரிங்குகள் வந்த நாளிலிருந்து வீட்டில் பேச்சே அதைப் பற்றித்தான். அந்தப் பட்டறையில் ஸ்பானர் பிடிப்பது கணவர், யோசனை சொல்வது அவள். மலைப்பாதையில் ஜீப்பின் அடிவயிறு கல்லில் உரசுகிறது, உயர்த்திக் கட்டினால் உரசாது என்பது அவர் பக்கம். அவள் அதை மறுக்கவில்லை. ஆனால் ஓடைக்கு மேலே பாதை ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கிறதே, அங்கே என்ன ஆகும் என்று கேட்டாள். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சரிவில் நடந்துவிடலாம். அதே குடத்தைத் தலைக்கு ஏற்றினால், கால் ஒரு விரற்கடை பிசகினாலும் குடம் ஆளையும் சேர்த்துச் சாய்க்கும். குடத்தின் கனம் கூடவில்லை, இருக்கும் இடம்தான் மேலே போயிருக்கிறது. ஜீப்பும் அப்படித்தான். அவர் சிரித்துவிட்டார். "முதலாளியம்மா தீர்ப்பு சொல்லியாச்சு. அப்புறம் அப்பீல் ஏது?" என்று ஸ்பிரிங்குகள் மேல் சாக்கைப் போர்த்தினார். விஷயம் அதோடு முடிந்தது என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

முந்தாநாள் டவருக்குச் சாமான் ஏற்றிப்போனவர், காலி ஜீப்போடு இறங்கி வரும்போது ஓடைப் பாறையில் மோதித் தூக்கியெறியப்பட்டார். ஈரமண், வழுக்கிவிட்டது என்றார்கள். நேற்று டிராக்டரில் கட்டி ஜீப்பை இழுத்து வந்தபோது அவள் அதைப் பார்க்கவில்லை. இப்போதுதான் பார்த்தாள்.

"ஜாக்கிய இறக்கு," என்றாள்.

"எதுக்கு அண்ணி?"

"இறக்கு தம்பி."

ஜீப் தரையில் உட்கார்ந்த பிறகும் அதன் வால் நிமிர்ந்தே இருந்தது. தண்ணீர் குடிக்கக் குனிந்த மாடு மாதிரி மூக்கு தாழ்ந்திருந்தது. அவள் குனியப் போனாள். அவன் குறுக்கே வந்தான்.

"வேண்டாம் அண்ணி. ஒரே சேறு. இன்னைக்குப் போயி..."

அவள் ஏற்கெனவே படுத்துவிட்டாள்.

பின் அச்சுக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் நடுவே, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, நான்கு விரற்கடை உயரத்துக்கு இரும்புக் கட்டைகள். புத்தம்புதுசு. வண்டியை உயர்த்த இருப்பதிலேயே சுருக்கமான வழி அதுதான். அச்சின் மேல் கட்டையை வைத்து நீள போல்ட்டால் இறுக்கினால் போதும், கட்டை எவ்வளவோ அவ்வளவு வண்டி மேலே போகும்.

"யார் போட்டது?"

அவன் பின்கதவைப் பிடித்துக்கொண்டான். "அண்ணனும் நானும். போன சந்தை அன்னைக்கு, நீங்க இல்லாதப்போ."

"முன்னாடி ஏன் போடல?"

"முன்னாடி ஏத்துனா பானெட்டு நெஞ்சுக்கு வந்துரும், அவ ஒரே பார்வையில கண்டுபிடிச்சிருவான்னு அண்ணன் சொன்னாரு. பின்னாடி மட்டும்னா, அன்னைக்கே சாமான ஏத்துனதும் அமுங்கி மட்டமாயிரும். 'அவ பேச்சையும் காப்பாத்துனாப்பல ஆச்சு, நம்ம ஆசையும் தீந்துச்சுடா'ன்னு சிரிச்சாரு."

அந்தச் சிரிப்பு எப்படி இருந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவள் இன்னும் உள்ளே நகர்ந்தாள்.

வண்டியின் அடிச்சட்டத்திலிருந்து பின் அச்சுக்கு ஒரு ரப்பர் குழாய் வரும். பிரேக் எண்ணெய் போகும் ஹோஸ். காலால் மிதிக்கும்போது அந்த எண்ணெய்தான் அழுத்தத்தைச் சக்கரம்வரை கொண்டுபோகிறது. இந்தப் பழைய ஜீப்பில் நான்கு சக்கரத்துக்கும் எண்ணெய் ஒன்றே. ஓரிடத்தில் கசிந்தால் நான்கிலும் பிடிப்பு போய்விடும். சட்டத்தை உயர்த்தினால் அச்சு விலகிப்போகும், குழாய்க்கு நீளம் பத்தாது. சக்கரம் ஒரு பள்ளத்தின் மேல் அந்தரத்தில் தொங்கினால் இன்னும் இழுக்கும். சாமான் இருக்கும்வரை கனம் அமுக்கி வைத்திருக்கும். காலி வண்டியில் அமுக்க எதுவும் இல்லை.

அவள் விரலால் தேடினாள். குழாய் பாதியில் முடிந்தது. மறுபாதி அச்சோடு தொங்கியது. நடுவே கிழிந்த ரப்பரின் நூல்கள்.

"ஹோஸ் பார்த்தீங்களா?" என்று கேட்டாள். குரல் பட்டறையைத் தாண்டவில்லை.

"பார்த்தோம் அண்ணி. தளர்வாதான் இருந்துச்சு. சத்தியமா."

"தரையில நிக்கிறப்பவா?"

அவன் நெற்றியைப் பின்கதவில் முட்டிக்கொண்டான். "ஜாக்கியில தூக்கி, சக்கரத்தத் தொங்கவிட்டுப் பாக்கணும்னு நான்தான் சொன்னேன். அதுக்குள்ள தெருவுல உங்க சத்தம் கேட்டுச்சு. ஜாக்கி சத்தம் கேட்டா வந்துருவீங்கன்னு அப்படியே விட்டுட்டோம். அப்புறம் பாத்துக்கலாம்னு..."

அவள் வெளியே வந்து கையைப் பார்த்தாள். பிரேக் எண்ணெயும் சேறும். அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனை அடித்திருந்தால்கூட நிம்மதியாக நின்றிருப்பான்.

"நீ இப்ப என்ன செஞ்சிட்டிருந்த? முழுசா தூக்கவா, கட்டைய எடுக்கவா?"

"முதல்ல எடுத்துரலாம்னு. நீங்க பாக்கறதுக்கு முன்னாடி." மூக்கை உறிஞ்சினான். "அப்புறம் யோசிச்சேன். எடுத்தா அடி உரசும். எடுக்காட்டி... எதுன்னு எனக்குப் புரியல அண்ணி. எதைச் செஞ்சாலும் அண்ணன் குரல்தான் கேக்குது."

வீட்டுப் பக்கமிருந்து நாற்காலிகளை இழுக்கும் சத்தம் வந்தது. யாரோ வண்டி வந்துவிட்டதா என்று கேட்டார்கள். மேற்கே வானம் கறுத்துக் கிடந்தது.

"கட்டைய எடு," என்றாள். "ரெண்டையும். பழைய போல்ட்டையே போடு. புது ஹோஸ் மாட்டி, உள்ள இருக்கற காத்து போற வரைக்கும் எண்ணெய் இறக்கு. அப்புறம் ஜாக்கியில தூக்கி ரெண்டு சக்கரத்தையும் தொங்கவிடு. தொங்கறப்போ ஹோஸ் எப்படி இருக்குன்னு நான் வந்து பாக்கணும். நான் பாக்காம வண்டி நகரக் கூடாது."

"சத்தம் கேக்குமே. அம்மா..."

"கேக்கட்டும்."

"கல்லுல மாட்டுனா?"

"மாட்டாம போகணும். தாழ்ந்த வண்டிக்கு ஒரே வழிதான். முன்னால ஒரு ஆள் நடந்து, எந்தக் கல்லுக்கு எந்தச் சக்கரம்னு கை காட்டிக்கிட்டே போகணும். ஓட்டுறவன் கல்லைப் பாக்கக் கூடாது, கையைத்தான் பாக்கணும்."

"யாரு நடப்பா? அந்தப் பாதைன்னாலே இப்ப எவனும் வர மாட்டான்."

அவள் தொட்டித் தண்ணீரில் கையைக் கழுவினாள். எண்ணெய்க் கறை போகவில்லை. அப்படியே உள்ளே போனாள்.

மாமியார் அவள் கையைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். "வண்டியில என்னடி கோளாறு? உனக்குத் தெரியாம இருக்காது. சொல்லு."

பின்னால் ஜாக்கி மறுபடி ஏறத் தொடங்கியிருந்தது.

"ஒண்ணுமில்ல அத்தை. மழை. வழுக்கிருச்சு."

மாமியார் மகனின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

இருட்டுவதற்கு முன் எடுத்துப்போனார்கள். எல்லாம் முடிந்து, கூட்டம் கலைந்து, நாத்தனார் முன்னறையைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தாள். அவரோடு வந்த பொருள்கள் சுவரோரம் ஒரு பையில் கிடந்தன. அவள் உட்கார்ந்து அதிலிருந்த அவருடைய பூட்ஸ் இரண்டையும் வெளியே எடுத்தாள். காய்ந்த மணலைத் தட்டினாள். பழைய துணியைக் கிழித்து இரண்டின் முனையிலும் திணித்தாள்.

"காயறதுக்கா அண்ணி?" என்றாள் நாத்தனார்.

அவள் வலது காலை உள்ளே விட்டுப் பார்த்தாள். இன்னும் பெரிதாக இருந்தது. காலை எடுத்துவிட்டு, இன்னொரு துண்டு துணி கிழித்தாள்.