கீழ்வீடு

அப்பாவின் நண்பர் சங்கிலி, நாற்காலியின் கைகளில் கயிற்றைச் சுற்றி இறுக்கினார். பின்பு தம் எடை முழுவதையும் அதன்மேல் சாய்த்து ஆட்டிப் பார்த்தார். நாற்காலி முனகியது. முடிச்சு அசையவில்லை.

"தாங்கும்மா," என்றார் மூத்தவளிடம். "உங்கப்பனுக்கு இது போதும். ஆள்ல பாதி போன மாசமே போயாச்சு."

மூத்தவள் சிரிக்க முயன்று, முடியாமல் விட்டுவிட்டாள். விடியற்காலையில் அம்மா தேநீருடன் சென்று எழுப்பியபோது அப்பா எழவில்லை. மருத்துவர் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். நண்பகலுக்குள் அமரர் வண்டி வரும். ஆனால் அந்தக் கட்டடத்து மாடிப்படியின் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் திரும்பாது. அங்கே குடியிருந்த அனைவரும் அதை அறிவர். மருத்துவமனைக்குப் போன போதெல்லாம் அப்பா இந்த நாற்காலியில் அமர்ந்தபடியே இறங்கியிருக்கிறார். இன்றும் அவ்வாறே இறங்க வேண்டும்.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் அவர் அமர்ந்திருக்க, கீழே நின்று சுமைகளைப் பூட்டிக் கைச்சைகை காட்டியவர் இந்த நண்பர். அப்பாவைக் கொக்கி என்றும் இவரைச் சங்கிலி என்றும் அழைத்துப் பழகிய துறைமுகத்தார், அவர்களுடைய இயற்பெயர்களை மறந்தே போயினர். நாள்தோறும் ஏணி ஏறிய அப்பாவின் முழங்கால்கள், ஓய்வு பெற்றபின் நான்காம் மாடிக்கு ஏற மறுத்துவிட்டன. கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது.

ஆதலால்தான் மூத்தவள் அதே கட்டடத்தின் தரைத்தளத்தில் ஒரு வீட்டைப் பேசி முடித்தாள். இரண்டு வீடுகளும் ஒருவருக்கே சொந்தம். மேல்வீட்டுக்கு வேறு ஆளைக் கொண்டுவந்தால் கீழ்வீட்டுக்கு மாறிக்கொள்ளலாம் என்று வீட்டுக்காரர் கூறிச் சாவியையும் முன்கூட்டியே கொடுத்திருந்தார். ஆள்தான் அமையவில்லை. அமையவிடாமற் செய்தவர் அப்பா. வீடு பார்க்க எவர் வந்தாலும், அவர்கள் வாயைத் திறக்குமுன் குறைகளை ஒப்பிக்கத் தொடங்கிவிடுவார். உப்புக்காற்று குழாய்களைத் தின்றுவிடும். ஜன்னல் கொண்டி துருப்பிடித்துப் போனதால் கயிற்றால் கட்டியிருக்கிறது. கோடையில் தண்ணீர் மேலே ஏறாது. வந்தவர்கள் மரியாதையாக விடைபெற்றுச் செல்வார்கள்.

"யாருக்காகப்பா நான் இப்படி நாயா அலையறேன்?" என்று சென்ற வாரம் அவள் கேட்டாள். அப்பா அடுப்படிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அங்கே அம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா," என்று தம்பி வாசலிலிருந்து தயங்கி அழைத்தான். "யாரோ வீடு பாக்க வந்திருக்காங்க. நீதான் வரச் சொன்னியாம்."

அவளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. நேற்றுத் தொலைபேசியில் வரச் சொன்னவள் அவளேதான்.

வாசலில் ஒரு கணவனும் மனைவியும் மூச்சிரைக்க நின்றிருந்தனர். அவன் கண்கள் சிவந்திருந்தன. அவள் அங்கே குவிந்து கிடந்த செருப்புகளை ஏமாற்றத்துடன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு பேருக்கா வரச் சொன்னீங்க?" என்றாள். "எங்களுக்குத்தான் முதல்லன்னு சொன்னீங்களேக்கா. இதோட எத்தனை வீட்டுப் படி ஏறி இறங்கிட்டோம்."

மூத்தவள் கதவை முழுவதும் திறந்தாள். உள்ளறைக் கட்டிலில் போர்த்தியிருந்த வெள்ளைத் துணி தெரிந்தது. அந்தப் பெண் கணவனின் கையைப் பற்றிக்கொண்டாள். இருவரும் ஒரே குரலில் மன்னிப்புக் கேட்டுத் திரும்பலாயினர்.

"போகச் சொல்லாதே," என்றது உள்ளிருந்து அம்மாவின் குரல். காலையிலிருந்து அவள் அவ்வளவு தெளிவாக எதுவும் பேசவில்லை. "நாலு மாடி ஏறி வந்திருக்காங்க. காட்டு."

மூத்தவள் வீட்டைக் காட்டினாள். கூடத்தில் அமர்ந்திருந்தவர்கள் கால்களை மடக்கி வழிவிட்டனர். கணவன் ஐஸ் தொழிற்சாலையில் இரவு வேலை பார்ப்பவனாம். வேலை முடிந்து நேரே வந்திருக்கிறான். அடுப்படியை அவர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மாவின் குரல் மீண்டும் வந்தது.

"குழாயைப் பத்திச் சொன்னியா?"

மூத்தவள் சொன்னாள். மாற்றிக்கொள்ளலாம் என்றான் கணவன்.

"ஜன்னல் கயிறு?"

அதையும் சொன்னாள். கயிறு நன்றாகத்தானே இருக்கிறது என்றாள் மனைவி.

"கோடையில தண்ணி ஏறாதுன்னு சொல்லு. குடத்துல தூக்கணும்."

"இதுக்கெல்லாம் பாத்தா இந்த ஊர்ல வீடே கிடைக்காதுங்கம்மா," என்று அந்தப் பெண் உள்ளறையை நோக்கித் தாழ்ந்த குரலில் சொன்னாள். "எங்களுக்குப் பிடிச்சிருக்கு."

மூத்தவள் உள்ளே சென்றாள். அம்மா கட்டிலருகில் அமர்ந்து, துணியின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள். அவள் பார்வை ஜன்னலுக்கு வெளியே இருந்தது. இரண்டு கட்டடங்களுக்கிடையே துண்டாகத் தெரிந்த கடலும், அதன் கரையில் துறைமுகக் கிரேனின் நீண்ட கையும். அது அசைவதை நிறுத்தினால் அப்பாவின் வேலை முடிந்தது என்று பொருள். அதைப் பார்த்துவிட்டுத்தான் அம்மா உலை வைப்பாள். அவர் ஓய்வு பெற்ற பின்னரும் அந்த வழக்கம் மாறவில்லை. வேறு எவனோ ஓட்டும் கிரேன் நின்றபிறகே அந்த வீட்டில் இரவுச் சமையல் தொடங்கும். தம்பி அதைச் சொல்லிக் கேலி செய்வதுண்டு.

மூத்தவள் குனிந்து மெல்ல வினவினாள்: "உனக்குக் கீழ்வீடு வேண்டாமாம்மா?"

"நான் எப்ப வேணும்னேன்?"

"வேண்டாம்னும் ஒரு வார்த்தை சொல்லலையே."

"உங்கப்பாதான் சொல்லிட்டிருந்தாரே," என்றாள் அம்மா.

மூத்தவள் அலமாரியிலிருந்து கீழ்வீட்டின் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

இந்த வீட்டைத் தர இயலாது என்று அவர்களிடம் கூறினாள். கீழே ஒன்று உள்ளது. வீட்டுக்காரரிடம் தானே பேசுவதாகச் சொன்னாள். பின்பு, தன்னையும் அறியாமல், அதன் குறைகளை அடுக்கினாள். ஜன்னலுக்கு எதிரே மதிற்சுவர். பகலிலும் விளக்குப் போட வேண்டும். கடல் இருப்பதே தெரியாது.

"பகல்ல இருட்டா இருக்குமா?" என்று கேட்ட கணவனின் சிவந்த கண்களில் முதன்முறையாக ஓர் ஆவல் தோன்றியது. "நான் தூங்கறதே பகல்லதாங்க."

"நீங்க தூங்குவீங்க. நான் என்ன வௌவாலா?" என்று மனைவி முணுமுணுத்தாள், உடனே துக்க வீடென்பது நினைவுக்கு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். எனினும் சாவியை வாங்கிக்கொண்டவள் அவள்தான்.

வண்டி வந்துவிட்டதாகத் தகவல் வந்தபோது மழை தூறத் தொடங்கியிருந்தது. அப்பாவை நாற்காலியில் அமர்த்தினர். தம்பியும் எதிர்வீட்டுத் தையற்காரரும் இன்னும் இருவரும் தூக்கினர். சங்கிலி முன்னால் இறங்கி, திருப்பத்துக்குத் திருப்பம் நின்று, ஒரு சொல்லும் பேசாமல் கையை உயர்த்திக் காட்டினார். உள்ளங்கை தாழ்ந்தால் மெல்ல இறக்க வேண்டும். விரல் வளைந்தால் இடப்பக்கம் திருப்ப வேண்டும். தூக்கியவர்களுக்கு முதலில் புரியவில்லை. ஒரு மாடி இறங்குவதற்குள் புரிந்துகொண்டனர். சங்கிலியின் கண்களோ அவர்களைப் பார்க்கவேயில்லை. நாற்காலியில் இருந்தவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

தரைத்தளத்தை அடைந்தபோது மழை வலுத்திருந்தது. வண்டி தெருமுனையில் நின்றது. உள்ளே வர இடமில்லாமல் ஏதோ லாரி மறித்திருந்தது. தையற்காரருக்கு மூச்சு வாங்கியது. வைப்பதற்கு இடம் தேடி அவர்கள் தடுமாறுகையில், கீழ்வீட்டுக் கதவு அகலத் திறந்தது.

"உள்ள வைங்க," என்றான் ஐஸ் தொழிற்சாலைக்காரன். "நனைய வேண்டாம்."

எவரும் மூத்தவளைக் கேட்கவில்லை. ஒருகணம் சங்கிலி மட்டும் அவளை நிமிர்ந்து பார்த்தார். பின்பு அவருடைய உள்ளங்கை தாழ்ந்தது. காலியான கூடத்தின் நடுவில், அப்பாவுக்காகப் பேசி முடித்த வீட்டில், அப்பாவை இறக்கி வைத்தனர். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எங்கோ உள்ளே, சோதிப்பதற்காகத் திறந்துவிட்ட குழாயிலிருந்து தண்ணீர் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. பின்னால் இறங்கி வந்த அம்மா நிலைப்படியருகிலேயே நின்றாள், உள்ளே வரவில்லை.

லாரி விலகியது. மீண்டும் நால்வரும் குனிந்து தூக்கினர். எல்லோரும் வெளியேறியபின், சாவியைப் பற்றி ஏதோ சொல்ல எண்ணி மூத்தவள் வாசலில் தயங்கினாள்.

நெடுநாள் தூசி படிந்த தரையில் நாற்காலிக் கால்களின் தடம் நான்கு புள்ளிகளாக இருந்தது. அந்தப் பெண் அவற்றை மிதிக்காமல் சுவரோரமாகச் சுற்றிச் சென்று குழாயை மூடினாள்.