அபூனா என்று கூப்பிடாதவள்

மிலாத் என்னிடம் நான்காம் வகுப்பு படித்தவன். வகுத்தல் கணக்கு கடைசிவரை அவனுக்கு வரவில்லை. கேள்வி கேட்டால் எழுந்து நின்று தன் செருப்பையே பார்ப்பான். போன வருஷம் அவனுக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். நாற்பது நாள் மடத்தில் இருந்துவிட்டு, தாடியும் கறுப்பு அங்கியும் பிஸாதா என்ற புதுப் பெயருமாக, மின்யா நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கே வந்து சேர்ந்தான். குருவை நாங்கள் அபூனா என்று கூப்பிடுவோம்; 'எங்கள் அப்பா' என்று அர்த்தம். ஐம்பத்திரண்டு வயதில் நான் அவனை அப்பா என்று கூப்பிட்டுக் கையை முத்தமிட வேண்டுமாம். எனக்கென்ன தலையெழுத்தா? வழியில் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விடுவேன்.

என்னைப் பெற்ற அப்பா ஃபானூஸ் என்னோடுதான் இருந்தார். மார்ச் மாதம் நெஞ்சில் சளி கட்டிப் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. ஒரு சனிக்கிழமை, நன்மை வாங்க வேண்டும், அபூனாவைக் கூப்பிடு என்றார்; பூசையில் கடவுளின் உடலாகக் கொடுக்கும் அப்பத்தைத்தான் நன்மை என்போம். பார்க்கலாம் என்றேன். மறுநாள் பூசை முடிந்து மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில் திரும்பவும் கேட்டார். எனக்கோ ராத்திரியெல்லாம் தூங்காத எரிச்சல்.

"அந்தப் பொடியன் கையால என் வீட்டுக்கு ஒண்ணும் வேணாம்ப்பா. நாளைக்கு டவுன்லேர்ந்து பெரிய அபூனாவக் கூட்டிட்டு வரேன்" என்று கத்தினேன்.

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் நாலு மணிக்குப் போய்விட்டார், நன்மை வாங்காமலே.

அன்றிலிருந்து எனக்கு எல்லார்மேலும் கோபம். மூன்றாம் நாள் மிலாத் வீட்டுக்கு வந்து செபம் பண்ணி, அறை அறையாகத் தண்ணீர் தெளித்தான். துக்க வீட்டு வழக்கப்படி வந்தவர்களுக்கெல்லாம் சர்க்கரை போடாத காபி கொடுத்தேன். அவன் முன்னால் மட்டும் நிற்காமல் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். கிழவர் படுத்துக் கிடப்பது ஊருக்கே தெரியும். கூப்பிட்டால்தான் வருவானா? அப்பா என்று பெயர் வைத்துக்கொண்டவன் தானாக வந்திருக்க வேண்டாமா?

நாற்பதாம் நாள் பூசையில் நான் நன்மை வாங்கியே ஆக வேண்டும். அவருக்குக் கிடைக்காததை அவர் பெயரைச் சொல்லி நானாவது வாங்கிக்கொள்ளாவிட்டால் நான் என்ன மகள்? அதற்கு முன்னால் ஒரு குருவிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். எங்கள் குடும்பத்தின் பழைய அபூனா இறந்து இரண்டு வருஷமாகிறது. அதனால் டவுனுக்குப் போய்ப் பெரிய அபூனாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் மிலாத்தைத் திட்டுவதைப் பத்து நிமிஷம் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "இன்ஸாஃப், இதுல உன் பாவம் எதும்மா? மொதல்ல அவன்கிட்டயே போய்ப் பேசு" என்று அனுப்பிவிட்டார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவரையும் சேர்த்துத் திட்டினேன்.

முப்பத்தெட்டாம் நாள் பகலில் கோயிலுக்குப் போனேன். மிலாத் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டான். நான் உட்காரவில்லை.

"எங்கப்பா நன்மை வாங்காம செத்தாரு. நீ எங்கடா இருந்த?"

என்னை மகளே என்று கூப்பிட வேண்டியவன், "டீச்சர்" என்றான். தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே, "உங்க வீட்டு வாசல்ல இருந்தேன்" என்றான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை யாரும் கூப்பிடாமலே வந்திருக்கிறான். பூசை முடிந்த கையோடு, நன்மையைச் சின்ன வெள்ளிப் பெட்டியில் வைத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வழியில் யாரிடமும் பேசாமல் நடந்து வந்திருக்கிறான். கதவைத் தட்டக் கையைத் தூக்கியபோது உள்ளே நான் கத்தியது அவன் காதில் விழுந்திருக்கிறது. தூக்கிய கையைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பிவிட்டான்.

"தட்ட வேண்டியதுதானே?"

"பயமா இருந்துச்சு டீச்சர்."

"கடவுளையே கழுத்துல மாட்டிட்டு வந்தவனுக்கு என்கிட்ட என்ன பயம்?"

எங்கள் சபையில் நன்மையை மறுநாளைக்கு எடுத்து வைக்கக் கூடாது. அது ஞாபகம் வந்தது. அதை என்ன செய்தாய் என்று கேட்டேன்.

"இங்க வந்து நானே உட்கொண்டேன்." என்றான்.

அவனை அறைந்திருப்பேன். அடுத்த நிமிஷமே எனக்கு ஒரு சந்தோஷமும் வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பழி போட ஓர் ஆள் கிடைத்துவிட்டான் என்ற சந்தோஷம். ஊரெல்லாம் சொல்லலாம். பாவசங்கீர்த்தனத்தில் நான் சொல்வதை வெளியே விடக் கூடாது என்ற கட்டு அவனுக்குத்தான், எனக்கு இல்லை. அது தெரிந்தேதான் சொல்லியிருக்கிறான். கோயில் வேலையாக இருந்தேன் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். அவனுக்குப் பாடம் நடத்திய நான்தான் முப்பத்தெட்டு நாளாக ஒன்றை விழுங்கிக்கொண்டு இருந்தேன்.

பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"அவர் ரெண்டு தடவ கேட்டாரு" என்றேன். "உன் கைய முத்தமிடணுமேன்னுதான் நான் கூப்பிடல. வேற காரணமே கெடையாது."

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. அந்த அழுகைமேலும் எனக்குக் கோபம் வந்தது.

முக்காட்டை இழுத்துவிட்டுத் தலையைக் குனிந்தேன். அவன் சிலுவையை என் தலைமேல் வைத்தான். ஆனால் மன்னிப்புச் செபத்தை ஆரம்பிக்கவில்லை.

"ஆரம்பிங்க அபூனா" என்றேன், இன்னும் கோபமாகத்தான். "ரெண்டு பேருக்கும் சேத்துச் சொல்லுங்க."